வானொலியும் மூச்சும்

வானொலி கரகரத்தது. அதோடு அப்பாவின் மூச்சும் நின்றது.

கட்டிலருகே மூச்சு இயந்திரம் திரை இருண்டு கிடந்தது. அதற்குள் ஓடுகிற மென்பொருள் மகள் எழுதியது. அப்பாவுக்காக அந்தப் பெட்டியிலேயே ரேடியோவையும் சேர்த்திருந்தாள்.

"தம்பி! ஓடி வாடா!"

ரப்பர் பையைத் தொண்டைக் குழாயில் மாட்டிக் கையால் அமுக்கத் தொடங்கினாள். தம்பி ஓடிவந்தான். அவனுக்கும் அவளுடைய ஆபீஸ்தான், அதே மென்பொருள் வேலை.

"என்னாச்சுக்கா?"

"ரேடியோவை இயக்குற டிரைவர் புரோகிராம் விழுந்து எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடுச்சு."

"அதை எதுக்குக் கெர்னலுக்குள்ள, மூச்சு பம்பு ஓடுற மையத்துலயே கொண்டுபோய் வச்ச?"

"செய்தி திக்கித் திக்கி வருதுன்னு அப்பா முறைச்சார்டா. உள்ள இருந்தா வேகமா ஓடுமேன்னு..."

"அடுப்பையும் படுக்கையையும் ஒரே ரூம்ல போடாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"குத்திக்காட்ட இதுவா நேரம்? ஆன் பண்ணுடா!"

பொத்தானை அழுத்தினான். இயந்திரம் எழுந்தது, ரேடியோவைத் தொட்டது, மறுபடி விழுந்தது. அவள் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. அப்பாவின் உதட்டில் நீலம் படர்ந்தது.

"நீ பண்ண மெஷினை மாட்டு."

"அப்பாவுக்குன்னுதானே பண்ணேன். நீதான் விடல."

அவனுடையது மேசைமேல் இருந்தது. அதில் கெர்னல் கையளவுதான்: யாருக்கு எப்போது முறை என்று சொல்லும், சேதி கடத்தும், விழுந்தவனை எழுப்பிவிடும். பம்பு, திரை, ரேடியோ எல்லாம் வெளியே, தனித்தனி அறையில். 'தும்மக்கூட மனு போடணுமாடா?' என்று கேட்டு ஆபீஸையே சிரிக்க வைத்தவள் அவள்தான்.

"மெதுவா ஓடுமேடா. தாங்குமா?"

"மெஷினுக்குத்தான்க்கா அவசரம். நெஞ்சுக்கு இது போதும்."

குழாயை அவனுடைய இயந்திரத்துக்கு மாற்றினார்கள். நெஞ்சு ஏறியது. ரேடியோவும் பேசத் தொடங்கியது.

"இதுல எந்த டிரைவர்டா?"

"நீ எழுதினதுதான்."

"பாவி! அதை நிறுத்து!"

அவன் கை நீள்வதற்குள் அதே கரகரப்பு. பிறகு நிசப்தம். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா, பாரு."

நெஞ்சு இறங்கியது. ஏறியது. பம்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து, யாரும் தொடாமலே, செய்தி பாதி வாக்கியத்திலிருந்து தொடர்ந்தது.

அப்பா கண் திறந்தார். விட்டுப்போன பாதி வாக்கியத்துக்காக மகளை முறைத்தார்.

"முறைக்கிறார்டா," என்றாள் அவள். கழற்றிய ரப்பர் பையை அவள் கை இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தது.