நூற்று எண்பது டிகிரியில் பத்து நிமிடம்

ஆய்வுக்கூடத்தில் உலோகத் துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றுவது பன்னிரண்டு வருடமாக என் வேலை. நான் தேய்த்த துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு கீறல் தெரியாது. எனக்கென்று இருந்த நல்ல பெயர் அது ஒன்றுதான். கூடத்தின் தலைவர் என் அக்கா புருஷன் என்பதால், அதையும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

அத்தானுக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கட்டுரை. மக்னீசியத் தகட்டை உருளைகளுக்கிடையே விட்டு நசுக்கினால் உள்ளிருக்கும் படிகங்கள் சிதையும். பிறகு சூடு பட்டால் அந்த இடத்தில் புதுப் படிகங்கள் முளைக்கும். தூய மக்னீசியத்தில் நசுக்கும்போதே அவை முளைத்துவிடுகின்றன, கடோலினியம் என்ற இன்னொரு உலோகத்தைத் துளி கலந்தால் ஒன்றுகூட முளைப்பதில்லை என்று எழுதினார். ஐந்து வருடம் அதையே பேசினார். மேடை கிடைத்தால் மனுஷன் விடமாட்டார்.

போன மாதம் சூட்டு அச்சு பழுதானது. பிடித்துத் தேய்க்க வசதியாகத் துண்டைக் கறுப்புப் பொடியில் புதைத்து, நூற்று எண்பது டிகிரியில் பத்து நிமிடம் அழுத்தும் இயந்திரம் அது. வேறு வழியில்லாமல், தானாக இறுகும் பிசினில் புதைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், நசுக்கிய தூய மக்னீசியத்தில் ஒரு புதுப் படிகம்கூட இல்லை. எல்லாம் சிதைந்தபடியே கிடந்தன.

அத்தனை நாளும் படிகங்களை முளைக்க வைத்தது உருளை இல்லை, எங்கள் அச்சின் சூடு. கடோலினியம் படிகங்களின் எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொண்டதால், கலப்புத் துண்டு மட்டும் அந்தச் சூட்டுக்கு அசையவில்லை.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். “அந்தக் கட்டுரைக்குத் துண்டு தேய்க்கறப்பவே பிசின்ல வைக்கலாமான்னு கேட்டேன் அத்தான். அது இறுக ஒரு நாள் வீணாகும், அச்சுலயே போடுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சரி, நான் பாத்துக்கறேன்.”

நன்றாகவே பார்த்துக்கொண்டார். பழைய கட்டுரைக்கு நேற்று வெளியான திருத்தத்தில் மூன்றே வரி. துண்டுகளைத் தயாரித்த உதவியாளர் கவனக்குறைவாகச் சூடேற்றியதால் முடிவு பிழையாகிவிட்டதாம். கூடவே, அச்சின் சூடு மக்னீசியத்தை என்ன செய்கிறது என்று புதுக் கட்டுரை ஒன்று. அதில் அவர் பெயர் மட்டும்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

“அவர் மானத்தையே வாங்கிட்டியேடி. இவ்வளவு ஆன பிறகும் உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டேங்கறார். கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால் அவள் யார் பக்கம் நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

“இனிமே கவனமா இருக்கேன்க்கா” என்றேன்.