திரும்பி வந்த புகை

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஓர் அரிசி ஆலையின் பழைய புகையெல்லாம் போன ஐப்பசி மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திரும்பி வரத் தொடங்கியது. அன்று அறந்தாங்கி பஸ்ஸும் கால் மணி நேரம் தாமதம்.

அதற்கு முந்தின மாதம்தான் ஆலையில் புதுத் தொட்டி கட்டியிருந்தார்கள். நெல் ஊறவைத்து வடித்த தண்ணீர் அதுவரை வாய்க்காலில் ஓடி, ஊரையே மூக்கைப் பிடிக்க வைத்தது. இப்போது அது மூடிய தொட்டிக்குள் புளித்து, எரிவாயுவாகி, பாய்லரில் எரிந்தது. கருவேல விறகுக்கு வேலையில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பிருந்தும் புகையவில்லை. சேதி எட்டிவிட்டதோ என்னவோ, வெளியே போன புகையெல்லாம் வீடு திரும்பியது. கடைசியாகப் போனது முதலில் என்று வரிசை பிசகாமல் ஆலையின் புகைக்குழாய்க்குள் இறங்கியது. இருபத்திரண்டு வருஷம் அந்த பாய்லருக்கு விறகு போட்ட ராசு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அடையாளம் சொன்னார்: “இது கஜா புயலன்னைக்கு ஈர வெறகுல போனது.”

ராசுவின் நெஞ்சிலும் புகைதான். படுத்தால் மூச்சு முட்டும். ஒன்பது வருஷமாக உட்கார்ந்தே தூங்கினார்.

மார்கழிக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. ஒரே ஒரு கீற்று மட்டும் ராசு வீட்டு வாசலில் வந்து நின்றது. எமன் ஆள் அனுப்பிவிட்டான் என்று அவர் மனைவி சுகுணா பதறிப்போனாள். கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்தாள். நான்கு நாள் அது நகரவில்லை. பால்காரர் வந்தால் மட்டும் ஒதுங்கி வழிவிட்டது.

“ஏங்க, உசுர எடுக்க வந்தது இம்புட்டு மரியாதையா நிக்குமா?”

“அதுல பாதி எனக்குள்ள கெடக்கு சுகுணா. அத விட்டுட்டு எங்கிட்டுப் போவும்?”

சுகுணா கதவைத் திறந்தாள். உருவமில்லாத ஆவுடையார்கோவில் சாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். வாயில்லாத புகைக்கு மட்டும் வேறென்ன வைப்பது? வடித்த சோற்றைச் சுடச்சுட வாழையிலையில் கொட்டினாள்.

“சாப்புட்டு ஒன்னோடத மட்டும் எடுத்துக்கிட்டுப் போ. மனுசன விட்டுரு,” என்றாள்.

புகை இலைமேல் குனிந்து ஆவியை உண்டது. ராசு மூன்று முறை இருமினார். கருவேல வாசத்தோடு ஒரு சுருள் வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து, அவசரமில்லாமல் ஆலைப் பக்கம் போயின.

அன்று மத்தியானம் சுகுணா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஆசை தீர அழுதாள். புகை என்னாச்சு என்று பக்கத்து வீட்டு அன்புமொழி வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

“மெல்லப் பேசுங்கக்கா,” என்றாள் சுகுணா. “அவுக படுத்துத் தூங்குறாக.”