சிவப்பு டேக் கட்டிய கருவேல மரம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத் தீவொன்றில் வருஷம் முழுக்கப் பறவை பார்ப்பவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிப் பத்திரிகையில் கதை கேட்டார்கள். நானும் சரியென்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு எங்கே போவது? 'அலைகள் ஆர்ப்பரிக்கும் அந்தத் தீவின் கரையில்...' வேண்டாம், எனக்கே சிரிப்பு வருகிறது.

பாகலூர்ப் பக்கம் ஓர் ஏரி. நடுவில் மண்திட்டு, அதில் கருவேல மரங்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தீவுதானே? இதை வைத்துச் சமாளிப்போம்.

2

சுமலதா, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுப் பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

(இவளுக்கு ஏன் இந்தப் பறவைப் பைத்தியம்? முதல் வரைவில் ஒரு பழைய காதலை நுழைத்தேன். ஒட்டவே இல்லை. பிடித்திருக்கிறது, பார்க்கிறாள். சந்தோஷமாக இருப்பவளிடம் காரணம் கேட்பானேன்?)

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும். மார்கழிப் பனியில் வெளிநாட்டு வாத்துகள் இறங்கும். தை பிறந்தால் மஞ்சள்மூக்கு நாரைகள் திட்டில் கூடு கட்டும். சித்திரையில் தண்ணீர் வற்றி, திட்டுக்கு நடந்தே போகலாம். தீவு தீவாக இல்லாத அந்த மாதத்தில்தான் வம்பு ஆரம்பித்தது.

3

வண்டல் அள்ள ஜேசிபி வந்தது. திட்டு முழுக்கக் கொழுத்த மண். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன் ஆசையாகக் காத்திருந்த மண். அந்த மரங்களிலோ இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

சுமலதா யாரிடமும் வாதாடவில்லை. பையிலிருந்த சிவப்பு டேக்கில் கையெழுத்துப் போட்டு, ஓரத்து மரத்தில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

(கம்பெனியில் ஒரு பொருளில் சிவப்பு டேக் தொங்கினால் மேனேஜரே ஆனாலும் தொடமாட்டார். கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும். ஏரியில் இது செல்லும் என்று யார் நம்புவார்கள், இந்த வரியையே அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வீட்டுக்கொருவர் கம்பெனிக்குப் போன ஊர் இது என்பதை மறந்துவிட்டேன்.)

ஜேசிபி ஓட்டும் மாதேஷ் கொஞ்ச காலம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன். டேக்கைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டான். சென்னகிருஷ்ணன் தமிழில் கத்தினார், கன்னடத்தில் திட்டினார். அவன் அசையவில்லை. சரி, அவர் கையில்தான் தோட்டத்து அரிவாள் இருந்ததே? அவரும் அதை அறுக்கவில்லை. அவரும் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற மனுஷன்தான்.

4

சாயங்காலம் சுமலதா வந்தாள்.

"கட்டனது நீ. நீயே அவுத்துடும்மா," என்றார் சென்னகிருஷ்ணன்.

"குஞ்சுங்க பறந்துட்டா நானே அவுக்கறேன் மாமா."

"அதுக்குள்ள மழ வந்து ஏரி ரொம்பிட்டா, என் தோட்டத்துக்கு மண்ணு யாரு குடுப்பா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை ஏரியின் மறுகோடியில் அள்ளுவதாக மாதேஷ்தான் சமாதானம் செய்தான். அங்கே வெறும் சரளை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் சென்னகிருஷ்ணன்.

மறுநாளிலிருந்து அவரும் கரைக்கு வந்தார். பறவைமேல் பிரியமெல்லாம் இல்லை, எப்போது தொலையும் என்று பார்க்கத்தான். பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு, மேற்கே இருந்த கூடு காலி என்று அவளுக்கே சேதி சொல்வார். கூடு கூடாகக் காலியானது. ஒரே ஒரு குஞ்சு மட்டும் கிளை நுனிவரை வரும், இறக்கையை அடிக்கும், திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

5

இப்போது ஆனேக்கல் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. ஜேசிபி நாளைக்கு அடுத்த வேலைக்குக் கெலமங்கலம் போயாக வேண்டும். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

குஞ்சு பறந்தது, அவள் டேக்கை அவிழ்த்தாள், எல்லோரும்... (கைதட்டுவார்கள். கூச்சமாக இருக்கிறது.)

மழை கொட்டித் திட்டு மறுபடி தீவானது. (ரோஜாக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்?)

மூன்றாவதை நான் எழுதுவதற்குள், ஒரு குஞ்சுக்காக ஒரு மனுஷனின் தோட்டத்தைக் காயப்போடுவது என்ன நியாயம் என்று சுமலதாவே அவிழ்க்க வந்துவிட்டாள். முடிச்சில் கை வைத்தாள். மாதேஷ் வண்டியைக் கிளப்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். சென்னகிருஷ்ணன் பைனாகுலரை இறக்கவில்லை.

"இரும்மா, கைய எடு," என்கிறார். "இப்பதான் நுனிக்கி வருது."

'பறந்தது' என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் அது கிளையிலேயே இருக்கிறது. அடித்துவிட்டேன். நான் எழுதி அது பறக்கப்போவதில்லை. நீங்களும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.