மூன்றாவது மாத்திரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, துளசியிடமிருந்து எடுத்தது. துளசி என் சித்தி மகள். மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அளக்கும் ஓர் ஆய்வுக்காக, காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை. இருபது கேள்விகள். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் பூஜ்யம். ‘எப்போதும்’ என்றால் நான்கு. கூட்டினால் ஒரு மனுஷியின் நிலைமை எண்ணாக வந்துவிடும். ஒரு வீட்டில் மட்டும் கூட்ட முடியவில்லை என்றாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் கோபுரத்தின் மேல் வெயில்...’

வேண்டாம். அந்த வீட்டு ரேணுகாம்பாள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து ஏழு மாதமாகிறது.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் ஆதிகேசவன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக மறதி. சித்திரையிலிருந்து மனைவியையும் தெரியவில்லை. வீட்டுக்குள் புகுந்த திருடி என்று நினைக்கிறார். போன வாரம் கழுத்தைப் பிடித்துவிட்டார். பக்கத்து வீட்டு சிட்டிபாபு ஓடிவந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

3

துளசி போனது பிற்பகல் மூன்று மணிக்கு. ரேணுகாம்பாள் முந்தானையைக் கழுத்து மறையச் சுற்றியிருந்தாள். உள்ளறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குன்னு நேரமே இல்லன்னு தோணுதாம்மா?”

“இல்லம்மா.”

“அவர் பக்கத்துல இருந்தா பயமா இருக்குதா?”

“கட்டின புருஷன்கிட்ட இன்னா பயம்? இல்லன்னு போட்டுக்கோ.”

எல்லாம் பூஜ்யம். ஆனால் இரண்டு கேள்விக்கு ஒருமுறை, “பால் வெச்சிருக்கேன்” என்று எழுந்து போனாள். (அடுப்பு எரியவில்லை. துளசி உட்கார்ந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது.) உள்ளறை வாசலில் நின்று, அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.*

நான்காவது முறை போனவள் திரும்பவில்லை.

* ‘அவருக்கு மூச்சு வருகிறதா என்று ஒரு நாளில் எத்தனை முறை பார்ப்பீர்கள்?’ படிவத்தில் இப்படி ஒரு கேள்வி இல்லை.

4

இந்த இடத்தில் அவள்மீது எனக்கே சந்தேகம் வந்தது. ‘பாவம், தெரியாமல்தான் அவள்...’ என்று எழுதி அடித்துவிட்டேன். தெரிந்துதான் செய்தாள்.

துளசி உள்ளே போனபோது, ரேணுகாம்பாள் அவர் மூக்கருகே புறங்கையை வைத்தபடி நின்றாள்.

“ஆத்திரப்படாம தூங்கறதுக்குக் காலைல ஒண்ணுதான் குடுக்கச் சொன்னாரு டாக்டர். எழுந்தா மறுபடி கழுத்தப் புடிப்பாரேன்னு ரெண்டு குடுத்துக்கினு இருந்தேன். இன்னிக்குக் காலைல மூணும்மா.”

துளசி அவர் தோளை உலுக்கினாள். முனகல்கூட இல்லை. போனை எடுத்தாள். ரேணுகாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“போலீஸ் வருமா? என்னைப் புடிச்சினு போயிட்டா இவரை யாரு பாத்துப்பாங்க?”

துளசி கையை உதறி விடுவித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

5

அவர் பிழைத்தார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்து, “ரேணு, சாப்ட்டியா?” என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் பெயர்.

ரேணுகாம்பாள் அழவில்லை. துளசியை வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கேட்டாள்: “மூணு குடுத்ததாலதான் என் பேரு ஞாபகம் வந்துதா?”

“ஐயோ, இல்லம்மா! அப்படி நெனைக்காதீங்க. டாக்டரைக் கேளுங்க.”

டாக்டரும் இல்லை என்றார். அவள் நம்பினாளா என்று துளசிக்குத் தெரியவில்லை. சாயங்காலமே அவர் அவளை மறுபடி திருடி என்றார்.

6

வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். துளசி அறிந்தது இவ்வளவுதான்.

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில், துளசி தினமும் காலையில் வந்து தன் கையால் ஒரே ஒரு மாத்திரை கொடுக்கிறாள். (பொய். அவளுக்கு இன்னும் அறுபது வீடு பாக்கி.) மற்றது: ‘வெள்ளிக்கிழமை சிட்டிபாபு கதவைத் தட்டியபோது...’ அதற்குமேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

காலை எட்டு மணி. அட்டையிலிருந்து ஒரு மாத்திரை ரேணுகாம்பாளின் உள்ளங்கையில் விழுந்துவிட்டது. கட்டைவிரல் அடுத்ததன் மேல் இருக்கிறது. உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. “யாருடி அது?”

மீதியை நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன், எழுந்து வருகிறவர் உங்கள் கழுத்தைத் தேடித்தான் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.