ஐந்து சட்டைக்குப் பத்துப் பை

பாலக்கரையில் நத்தர்ஷா ராவுத்தரின் தையல் கடைக்குப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்களைவிட மாதா கோயிலிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். சாமியார்கள் போடும் அங்கியை அவரைப் போலத் தைக்கத் திருச்சியில் ஆள் இல்லை என்று பெயர் வாங்கியிருந்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை வரிசையாகப் பொத்தான், எத்தனை முறை முழங்காலிட்டாலும் கலையாத மடிப்பு, இரண்டு பக்கமும் செபப் புத்தகமும் செபமாலையும் தாராளமாகப் போய் உட்காருகிற ஆழமான பை. கன்னியாஸ்திரிகளின் உடுப்பும் தலைமுக்காடும்கூட அவர் கைதான். இருபத்திரண்டு வருஷம் இதையே தைத்ததில் அவருக்கு வேறு எதுவும் தைக்க வராமல் போய்விட்டது. ஒருமுறை கல்யாணத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த உடுப்பைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பூசை வைக்கப் போகிறாரா என்று பெண் வீட்டார் கேட்டதாகச் சொல்வார்கள். சும்மா சொல்வதில்லை, கேட்டார்கள்.

அவருடைய ஒரே மகள் சுராயா, கான்வென்ட்டில் ப்ளஸ் ஒன் படித்தாள். படிப்பு ஏதோ ஓடியது. பூப்பந்து மட்டும் அவளிடம் வாலாட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு மட்டை, நடுவே வலை. பின்வரிசையில் நின்று சுராயா ஓங்கி ஒன்று வைத்தால், எதிரே இருப்பவர்கள் பந்தைத் தேட மாட்டார்கள், தங்கள் மூக்கு இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். பள்ளிக்கூடத்திலும் சின்னப் போட்டிகளிலும் அவள் நீளப் பாவாடையும், இடுப்பில் இறுக்கிச் செருகிய தாவணியும், ஊக்கு குத்திய முக்காடுமாக ஆடினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவர்கள் அணி மாவட்டப் போட்டியின் இறுதிக்குப் போனது. வில்லங்கமும் கூடவே வந்தது. விளையாட்டு டீச்சர் அக்னஸ், கழுத்தில் விசிலைக்கூடக் கழற்றாமல் ஒரு மாலை கடைக்கே வந்துவிட்டார்.

"பாய், நீங்கதான் உங்க பொண்ணுகிட்ட சொல்லணும். இறுதிப் போட்டியில அஞ்சு பேரும் ஒரே மாதிரி டிரஸ் போடணும்னு சர்க்குலர் வந்திருக்கு. முட்டி வரைக்கும் வெள்ளைப் பாவாடை, அரைக்கைச் சட்டை ஏற்கனவே தச்சு வச்சிருக்கோம். இவ போட மாட்டேங்கறா. அன்னிக்குத்தான் மாவட்ட அணிக்கும் ஆள் எடுக்கறாங்க. அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிடும்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுராயா வெளியே வந்தாள்.

"அத்தா வேணாங்கலை டீச்சர். எனக்கே வேணாம். கால் தெரியற டிரஸ் போட்டா எனக்குப் பந்து தெரியாது. மனசு பூரா முட்டியிலேயே நிக்கும்." இதைச் சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருந்தாள். "நான் இல்லாம ஆடட்டும்," என்று சேர்த்தபோதுதான் குரல் உடைந்தது.

மகள் அழுதால் நத்தர்ஷாவுக்கு ஊசி கண்ணுக்குத் தெரியாது. தையல்காரனுக்கு இது பெரிய இடைஞ்சல், ஆகவே அவர் மகளை அழவிடுவதே இல்லை.

"அந்தச் சர்க்குலரைக் கொஞ்சம் படிங்க டீச்சர்," என்றார்.

டீச்சர் படித்தார். "அணி முழுவதும் ஒரே வகையான வெள்ளை உடை அணிய வேண்டும்."

"நீளம் எவ்வளவுன்னு போட்டிருக்கா?"

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "போடலை."

"அப்ப சுராயா மத்தவங்க மாதிரி போட வேணாம். மத்தவங்க சுராயா மாதிரி போடட்டும். உடம்பு பூரா மூடற மாதிரி பேண்ட், சட்டை, முக்காடு, அஞ்சு பேருக்கும் நானே தச்சுத் தரேன்."

அக்னஸ் டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மற்ற நாலு பெண்களும் முகத்தைச் சுளிப்பார்கள் என்று அத்தாவும் மகளும் பயந்தார்கள். நடந்தது வேறு. "மண்ணுல விழுந்து விழுந்து என் முட்டியில தோலே இல்லை டீச்சர். பேண்ட் குடுத்தா யாரு வேணாம்பா?" என்றாள் ரோசரி. வேலியோரம் சைக்கிளோடு நிற்கும் பையன்களுக்கு இனி வேலை இருக்காது என்று பேட்ரிசியாவுக்கு சந்தோஷம். எல்லோரையும்விட சந்தோஷப்பட்டது அல்போன்சாவின் அம்மாதான். இரண்டு வருஷமாக அந்தக் குட்டைப் பாவாடைக்கு எதிராக அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம், மாதா கோயிலில் மெழுகுவர்த்தியே ஏற்றிவிட்டார்.

நத்தர்ஷா ஒரு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை. கணுக்காலில் சுருக்கு வைத்த தொளதொளப் பேண்ட், முட்டிவரை சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போடும் முழுக்கை. அளவுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய சட்டை வந்தது. தலைக்குத்தான் மண்டையைக் குடைந்தார். கடைசியில் கன்னியாஸ்திரிகளுக்குத் தைக்கும் முக்காட்டையே கொஞ்சம் குட்டையாக்கி, நெற்றியில் பட்டை வைத்து, பின்னால் முடிச்சுப் போட்டார். சுராயா அதைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி தலையை உலுக்கிப் பார்த்தாள். ஒரு நூல் அசையவில்லை.

"அத்தா, பை கிய் வச்சிடாதீங்க," என்று ஞாபகப்படுத்தினாள்.

"பந்தாடற சட்டைக்கு யாராவது பை வைப்பாங்களா? எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியாது. போட்டி நாளான சனிக்கிழமை காலை சட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஐந்திலும் பக்கத்துக்கு ஒன்றாக, செபப் புத்தக அளவுக்கு, வாயைப் பிளந்துகொண்டு பத்துப் பை.

"அத்தா!"

நத்தர்ஷா ஐந்து சட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போது வைத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. பிரிக்க நேரமும் இல்லை. "கர்ச்சீப் வச்சுக்கலாம்மா," என்று சமாளித்தார். சட்டையைப் போட்டுப் பார்க்க வந்திருந்த ரோசரி அதற்குள் தன் பையில் பெப்பர்மின்ட் போட்டுக்கொண்டுவிட்டாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் பிதுங்கி வழிந்தது. வெள்ளை உடுப்பும் வெள்ளை முக்காடுமாக ஐந்து பேர் ஏறியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"யோவ், எந்திரிங்கய்யா. சிஸ்டருங்க வந்திருக்காங்க, எடம் விடுங்க."

இரண்டு சீட் காலியானது. பெண்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தார்கள். அதில் பக்தி இன்னும் கூடிவிட்டது. மார்க்கெட் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஐந்து பேரில் சுராயாவைத் தேடிப் பிடித்து, "மருமக முழுகாம இருக்கா, சுகப் பிரசவம் ஆகணும்னு வேண்டிக்கங்க தாயி," என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுராயா மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே துஆ கேட்டாள். பின்னால் நின்ற நத்தர்ஷா மகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று முன்னே நகர்ந்தார். கண்டக்டரின் கை குறுக்கே வந்தது.

"பாய், சிஸ்டருங்க மேல இடிக்காம அந்தாண்ட நில்லுங்க."

காவிரிப் பாலம் தாண்டும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தாண்டையே நின்றார்.

ஸ்ரீரங்கத்து மைதானத்தில் இவர்களைப் பார்த்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மடத்துலேர்ந்து ஜெபம் பண்ண வந்திருக்காளா?" என்று யாரோ கேட்டார்கள். அம்பயர் ரத்தினவேல் ரயில்வேக்காரர். சட்டைப் பையில் விதிப் புத்தகம் இல்லாமல் அவர் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. ஐந்து பேரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வெள்ளை. ஒரே மாதிரி. சரி, ஆடுங்க," என்றார்.

முதல் ஆட்டத்தில் சிரிப்பு அடங்கியது. சுராயா அடித்த அடியில் இரண்டு முறை வலை கிழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. எதிரணியான ஸ்ரீரங்கத்தின் கேப்டன் ரெங்கநாயகி, கையில் மட்டையோடு உயரமாக நின்ற பெண், புருவத்தைத் தூக்கினாள். பாலக்கரைப் பெண்கள் முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். நத்தர்ஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "தைச்சது நான்," என்றார்.

சொல்லியிருக்க வேண்டாம். இரண்டாவது ஆட்டத்தின் நடுவே ஒரு பந்து தாழ்வாக வந்தது. பேட்ரிசியா குனிந்தாள், வீசினாள், மட்டை காற்றைத்தான் அடித்தது. பந்தைக் காணவில்லை. இவர்கள் கோட்டோரம் தேடினார்கள். அவர்கள் வலையடியில் தேடினார்கள். அம்பயர் வானத்தைப் பார்த்தார். "அவ பாக்கெட்ல இருக்கு சார்," என்றாள் ரெங்கநாயகி.

பேட்ரிசியா கையை விட்டு, கோழி முட்டையை எடுப்பது போல மஞ்சள் பந்தை எடுத்தாள். மைதானமே உருண்டு சிரித்தது.

"உடையில் பட்டால் புள்ளி எதிரணிக்கு," என்றார் ரத்தினவேல், புத்தகத்தைத் திறக்காமலே.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு பந்து பைக்குள் போனது. ஒன்று ரோசரியின் பெப்பர்மின்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. நத்தர்ஷாவுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. மகளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பைத் தன் கையாலேயே, பக்கத்துக்கு ஒன்றாகப் பை வைத்துக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷ இடைவேளை. தையல்காரரின் காலரில் எப்போதும் மூன்று ஊசி குத்தியிருக்கும், பையில் ஒரு நூல்கண்டு கிடக்கும். அவர் ஓடினார். பெண்பிள்ளைகள் போட்டிருக்கும் உடுப்பில் அவர் கை வைக்க முடியாது. ஆகவே தரையில் உட்கார்ந்து நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். டீச்சரும் பெண்களும் பையின் வாயைத் தைத்தார்கள்.

"சுராயா, நீ வாம்மா, உனக்கு நான் போடறேன்."

"அவங்களுக்கு முதல்ல கோத்துக் குடுங்க அத்தா. எனக்காகத்தானே இதைப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குக் கடைசியில போதும்."

எட்டுப் பை முடிந்தபோது ரெங்கநாயகி வலையைத் தாண்டி வந்து நின்றாள்.

"மாமா, எனக்கும் ஒரு ஊசி கொடுங்கோ. பாக்கெட்ல விழுந்து ஜெயிச்சான்னு நாளைக்கு ஊர்ல பேசப்படாது." சுராயாவின் வலப்பக்கம் மண்டியிட்டு, மளமளவென்று தைத்தாள். அழகான தையல். நத்தர்ஷா அந்த அவசரத்திலும் அதைக் கவனித்தார். அவள் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது விசில் ஊதிவிட்டது. சுராயாவின் இடது பை ஒன்றுதான் பாக்கி.

"ஒரே நிமிஷம் சார்," என்று கெஞ்சினார் நத்தர்ஷா.

"அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம் பாய்," என்றார் ரத்தினவேல்.

மூன்றாவது ஆட்டம் முழுக்க சுராயா இடது கையால் பையைப் பொத்திக்கொண்டே ஆடினாள். வயிற்று வலிக்காரி போல ஒருக்களித்துக்கொண்டு அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. மண்ணில் முட்டி தேய விழுந்தாள், எழுந்தாள், அடித்தாள். புள்ளிகள் ஏறிக்கொண்டே வந்து, ஸ்ரீரங்கம் இருபத்தெட்டு, இவர்கள் இருபத்தேழு. இன்னொன்று எடுத்தால் ஸ்ரீரங்கத்துக்கு வெற்றி. ரெங்கநாயகி எதிர்மூலைக்கு ஒரு பந்தை வைத்தாள். அதற்குப் பாய்ந்தே ஆக வேண்டும், பாய இரண்டு கையும் வேண்டும். சுராயா பையை விட்டாள். பாய்ந்து எடுத்தும்விட்டாள். திரும்பி வந்த பந்து வலை விளிம்பில் பட்டு, துள்ளி, எழுந்துகொண்டிருந்தவளின் இடது பக்கமாக இறங்கி, பொட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சத்தியமா அங்க பாத்து அடிக்கலைடி," என்றாள் ரெங்கநாயகி. ஜெயித்தவள் முகமாகவே அது இல்லை.

நத்தர்ஷா வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தேர்வாளர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை ரத்தினவேல் ஒலிபெருக்கியில் படிப்பது காதில் விழுந்தது. மாவட்ட அணி. முதல் பெயர் சுராயா. இரண்டாவது ரெங்கநாயகி. பத்துப் பெயரும் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் விதியையும் படித்தார். "மாவட்ட அணி முழுவதும் ஒரே வகையான வெள்ளை உடை." படித்தபிறகுதான் சுராயாவின் உடை அவருக்கே உறைத்தது.

"அந்தப் பொண்ணு ஒருத்திதானே, மாத்திக்கட்டும்," என்றார் தேர்வாளர் ஒருவர்.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க சார்," என்றாள் சுராயா. குரலை உயர்த்தவில்லை. இந்த முறை உடையவும் இல்லை.

ரெங்கநாயகி விறுவிறுவென்று வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"மாமா, எழுந்திருங்கோ. அளவுக்குப் பழைய சட்டை கொடுத்தனுப்பறேன். எனக்கும் இதே மாதிரி தச்சுடுங்கோ. இவ இல்லாத டீம்ல போய் நான் யாரோட ஆடறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பாக்கெட் மட்டும் வேண்டாம்," என்றாள்.

அவள் பின்னாலேயே அணியில் பெயர் வந்த மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். ரத்தினவேல் விதிப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கம் விடாமல் புரட்டி, திரும்பவும் சட்டைப் பையில் வைத்தார்.

"நீளத்தைப் பத்தி ஒண்ணும் போடலை," என்றார் தேர்வாளர்களிடம்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். "சிஸ்டருங்களுக்கு எடம் விடுங்க," என்று மறுபடியும் ஆட்களை எழுப்பினார். நத்தர்ஷா தானாகவே அந்தாண்ட போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"அத்தா, இங்க வாங்க. வந்து உக்காருங்க," என்று சத்தமாகக் கூப்பிட்டாள் சுராயா.

கண்டக்டரின் வாயிலிருந்து விசில் நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அவர் கன்னியாஸ்திரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மறுபடி கன்னியாஸ்திரியைப் பார்த்தார். நத்தர்ஷா அவரைத் தாண்டி நடந்துபோய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தாவை மன்னிச்சுக்கம்மா. கை பழக்கம்," என்றார்.

சுராயா இடது பைக்குள் கையை விட்டாள். அம்பயர் அவளையே வைத்துக்கொள்ளச் சொன்ன மஞ்சள் பந்து உள்ளேயே இருந்தது. எடுத்து அத்தாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பஸ்ல இத்தனை குலுக்கு குலுக்கியும் விழலை பாருங்க," என்றாள். "நல்லாத்தான் தச்சிருக்கீங்க."