சேலை கார்டு

தொண்ணூற்றாறு ஆவணியில் துடியலூர் ஷோரூமில் வண்டி எடுத்தோம். பின்சக்கரத்தில் மாட்டும் சேலை கார்டு மட்டும் ஸ்டாக்கில் இல்லை. முதல் இலவச சர்வீஸுக்கு வரும்போது மாட்டித் தருவதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி லோகப்பிரியா இரண்டு முறை கேட்டாள்.

"அதுவரைக்கும் சேலையச் சொருகிக்கிட்டு உக்காருங்க அம்மணி" என்றார் சர்வீஸ் பார்க்கும் கந்தப்பன்.

பதினோராம் நாள் அன்னூர் ரோட்டில் அவள் முந்தானை சக்கரத்தில் சிக்கியது. நான் பிரேக் பிடித்தபோது பின்னால் அவள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் சர்வீஸ் கூப்பன் கண்ணில் பட்டது. தேதி முடிய இரண்டு நாள் இருந்தது. வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

சாயங்காலம் போனபோது கந்தப்பன் துணியால் புதுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாப்புல கார்டு மாட்டிப்போட்டோமுங்க. இனி அம்மணி பயமில்லாம உக்காரலாமுங்க."

"சரிங்க" என்றேன். அவர் நீட்டிய தாளில் குறைகள் என்று போட்டிருந்த இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியைக் கிளப்பினேன். கியர் போட்டும் கிளட்சை விடாமல் நின்றேன். உட்கார்ந்து, சேலையை இழுத்துச் சொருகி, "போலாங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் விடுவது வழக்கம்.

கந்தப்பன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, கியரு விழுகலீங்களா?"