நான்கு வருடப் பெற்றோல்

பதினேழாவது தடவையும் கயிறு இழுபட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது. குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கொறற்றி பைப்பைப் பூட்டிவிட்டுக் காதைக் கொடுத்தாள். பக்கத்துக் கராஜுக்குள் அவளுடைய புருஷன் யோசப், பெற்றோலில் ஓடுகிற புல்லு வெட்டும் மிசினோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். ஒருக்கால் இழுப்பான், சர்ர் என்று கயிறு வரும், மிசின் ஒரு பெருமூச்சு விடும், பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அவன் மூச்சு வாங்குவது கேட்கும். திரும்பவும் சர்ர். போய்ப் பார்ப்போமா என்று நினைத்தாள். தான் போய் நின்றால் அவன் இழுப்பதை விட்டுவிடுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஈரக் கையோடு அப்படியே நின்று எண்ணினாள். இருபத்து மூன்றுக்குப் பிறகு சத்தம் வரவில்லை.

போன ஒக்டோபரில் யோசப்புக்குப் பாரிசவாதம் வந்தது. இருபத்தெட்டு வருடம் வேலை செய்த பாண் பக்டரியில், மாவுத் தட்டுகளுக்கு நடுவில் விழுந்தான். உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. கால் இழுத்து இழுத்தென்றாலும் பொல்லோடு நடக்க வந்துவிட்டது. வலது கைதான் வரவில்லை. அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, அவன் போகிற இடமெல்லாம் கூடப் போயிற்று. கிழமைக்கு இரண்டு நாள் தெரபிக்காரி வந்து அந்தக் கையை மடக்கி நிமிர்த்துவாள். இடது கைக்கு வலுவேற்றச் சொல்லிப் பச்சை நிற றப்பர்ப் பட்டி ஒன்றும் கொடுத்திருந்தாள். அதை அவன் கராஜ் கதவின் பிடியில் கட்டி, மார்கழி முழுக்க, தை முழுக்க, கொறற்றி முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற நேரங்களில், ஒரே இழுவையாக இழுத்துப் பழகினான். அவளுக்குத் தெரியாது என்றுதான் அவன் நினைப்பு. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியாமல் ஒரு ஆண்பிள்ளை என்னத்தைத்தான் ஒளித்துச் செய்துவிட முடியும்! கதவுப் பிடியில் பெயின்ற் உரிந்து கிடந்ததை அவள் தைப்பொங்கலுக்கு முன்னமே கண்டிருந்தாள். கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த மிசினால் வீட்டில் மாரிக்குளிர் முழுக்கப் பேச்சு நடந்தது. ஹம்பேர்க்கில் இருக்கிற மகள் டெல்சிதான் தொடக்கிவைத்தாள். பட்டரியில் ஓடுகிற மிசின்களின் படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இது பதினைஞ்சு கிலோதான். மணமில்லை, சத்தமில்லை, ஒயில் மாத்திற வேலையில்லை. ஒருக்கால் சார்ஜ் பண்ணினால் உங்கட வளவு முழுக்க வெட்டலாம். நீங்கள் ஏன் அப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்? வெட்டப்போறது நீங்கள்தானே?"

வெட்டப்போவது அவள்தான். அதை யோசப்புக்கு முன்னால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜேர்மனியில் அம்மன் கோயில் இருக்கிற ஊன்ட்றொப்பிலிருந்து காரில் கால் மணித்தியாலம் தள்ளி இந்த வீட்டை வாங்கிப் பதினாறு வருடமாகிறது. வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டால் முழிப்பான். ஆனால் பின்வளவுப் புல்லு அவனுடையது. சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கயிற்றை இழுத்தானென்றால் மூன்றாவது இழுவைக்கு மேல் போனது கிடையாது. குருநகரில் பதினாறு வயதிலேயே தகப்பனின் வள்ளத்து மிசினைக் கயிறு இழுத்து எழுப்பினவன் அவன். அரசு பெற்றோலைத் தடை செய்திருந்த சண்டைக் காலத்தில் ஒரு மூடி பெற்றோலை விட்டு மிசினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டுக் கடலுக்குப் போய் வந்தவன். டெல்சி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "சுவிச்சை அமத்தினால் ஓடுறதுக்குப் பேர் மிசினோ? விளையாட்டுச் சாமான்" என்றான். கை வருமட்டும் பொறுங்கோ என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. பட்டரி மிசின் ஒன்று வீட்டுக்குள் வந்தால், இனி உன்னால் ஏலாது என்று அவனிடம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். கொறற்றிக்குப் பட்டரி மிசின்தான் வேண்டும். அவளுக்கும் அறுபது, மணிக்கட்டு இரண்டும் வலி. என்றாலும் அந்தக் கடிதத்தைக் கொடுக்கிற ஆளாக அவள் இருக்க விரும்பவில்லை.

அன்றைக்கு அவன் கராஜிலிருந்து வந்து குசினிக் கதிரையில் இருந்தான். சேர்ட் முழுக்க வியர்வை. அவள் தேத்தண்ணிக் கோப்பையை இடது பக்கமாக வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"பட்டரி மிசினை எடும்" என்றான்.

"நாளைக்கு ஒருக்கால் பாப்பமே…"

"மிசினில ஒண்டுமில்லை. கைதான். இந்தக் கையும் ஏலாமப் போச்சு."

அவன் பார்த்துக்கொண்டிருந்தது இடது கையை. கயிற்றுப் பிடி அழுத்தி உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அவன் போய்ப் படுத்த பிறகு அவள் கராஜுக்குப் போனாள். அந்த மிசினின் கைப்பிடியில் ஒரு கம்பி இருக்கிறது. அதை அமர்த்திப் பிடித்தபடிதான் கயிற்றை இழுக்க வேண்டும். பிடியை விட்டால் மிசின் நின்றுவிடும், ஒருவருடைய காலையும் வெட்டிவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்தது. யோசப் அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்து நைலோன் நூலால் கட்டியிருந்தான். வலை கட்டுகிற முடிச்சு. நூலில் பல்லுப் பட்ட அடையாளம் இருந்தது. ஒரு கையாலும் பல்லாலும் அந்த முடிச்சைப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நினைத்தபடி அவள் அந்த அடையாளத்தை விரலால் தடவினாள். அவளை வெட்கப்படுத்தியது இன்னொன்று. பட்டரி மிசினை எடும் என்று அவன் சொன்ன அந்தக் கணத்தில் அவள் மனது ஒரு துளி சந்தோஷப்பட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை தெரபிக்காரியை வரவேண்டாமென்று ரெலிபோனில் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பச்சைப் பட்டி குப்பை வாளிக்குள் கிடந்தது. கொறற்றி அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மேசைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அவன் ரிவிக்கு முன்னால் இருந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். சண்டை பிடிப்பான் என்று பார்த்தால் அதுவுமில்லை. இரண்டு கிழமையில் பின்வளவுப் புல்லு முழங்காலுக்குப் பாதி வந்துவிட்டது. மே மாதம் பிறந்துவிட்டது. தமிழ் ஆக்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபமாலை சொல்கிற மாதம். வருகிற சனிக்கிழமை அவர்கள் வீட்டு முறை. இருபது முப்பது பேர் வருவார்கள், பிள்ளைகள் வளவுக்குள்தான் ஓடித் திரிவார்கள். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கொறற்றி காரை நேரே கடைக்கு விட்டாள்.

கடையில் நின்ற ஜேர்மன் கிழவர் பொறுமையானவர். பட்டரி நாற்பது நிமிடம் தாங்கும், ஈரப் புல்லென்றால் அதுவும் தாங்காது, உங்கள் வளவு எவ்வளவு பெரிது என்று கேட்டார். அவள் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். பிள்ளை வண்டிலை விட இலேசாகப் போயிற்று. இது போதும் என்றாள். பழைய மிசினுக்கு என்ன வருத்தம் என்று அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். தொடங்குதில்லை, அவருக்குக் கை ஏலாது என்று இவளும் சும்மாதான் சொன்னாள். பெற்றோல் எப்போது வாங்கினது என்றார் அவர்.

உக்ரேனில் சண்டை தொடங்கிய மாதம். அவளுக்கு நாள்கூட நினைவிருந்தது. சனமெல்லாம் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கோதுமை மாவுக்கும் ஓடித் திரிய, யோசப் போய்ப் பெரிய கான் ஒன்று நிறையப் பெற்றோல் வாங்கி வந்து கராஜ் மூலையில் சாக்கால் மூடி வைத்தான். பிறகு ஒருநாளும் அதைத் தொடவில்லை. இருக்கட்டும், எப்ப என்ன நடக்குமோ என்பான். வளவுக்கு வேண்டியதை அவ்வப்போது பெற்றோல் செற்றிலிருந்து புதிதாக வாங்கி வருவான். இந்த முறை அவனுக்குக் கார் ஓட ஏலாது. அவளிடம் வாங்கித் தரச் சொன்னால் களவாகப் பழகினது வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே சாக்கை நீக்கி, அந்தப் பழைய பெற்றோலை மிசினுக்கு ஊற்றியிருக்கிறான்.

நாலு வருடம் என்றாள். கிழவர் சிரித்தார். நாலு வருடப் பெற்றோலுக்கு எந்த மல்யுத்தக்காரன் இழுத்தாலும் மிசின் தொடங்காது, ஒரு வருடத்திலேயே அது கெட்டுவிடும், உங்கள் கணவருடைய கையில் ஒரு பிழையும் இல்லை என்றார். கொறற்றிக்குச் சிரிப்பு வரவில்லை. மிசினின் நட்டு நரம்பெல்லாம் தெரிந்த மனுஷனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு விளங்கியது. பெற்றோல் பழுதாகும் என்று அறிகிற அளவுக்கு அவர்கள் ஊரில் ஒருவர் கையிலும் பெற்றோல் தங்கியதில்லை. போத்தலில் வாங்கி மூடியால் அளந்தவர்களுக்கு அது தங்கம் மாதிரி, தங்கம் பழுதாகுமா? கிழவர் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைக்கட்டுமா என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வையுங்கோ என்றாள். போகிற வழியில் ஐந்து லீற்றர்க் கான் ஒன்றும் வாங்கி, நிறையப் பெற்றோல் அடித்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை யோசப் நம்பவில்லை.

"என்னைத் தேத்திறீரோ?"

"நான் ஏன் தேத்த வேணும்? கடைக்காரக் கிழவன் சொன்னது."

"அவன் விக்கிறவன். என்னவும் சொல்லுவான்."

"விக்கிறவன் ஏன் பழசில பிழையில்லை எண்டு சொல்லப்போறான்?"

அவன் திரும்பி ரிவியைப் பார்த்தான். கொறற்றி கராஜுக்குப் போய், இரண்டு ஜாம் போத்தலில் பழசில் கொஞ்சமும் புதிசில் கொஞ்சமும் ஊற்றிக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாததுதான். புதிசு தண்ணீர் போல இருந்தது. பழசு சாயத் தேத்தண்ணி நிறம். அவன் குனிந்து புதிசை மணந்தான். பிறகு பழசை. திரும்பவும் பழசை. வார்னிஷ் மணம் அவளுக்கே அடித்தது.

"பெற்றோலும் செத்துப்போகுமோ" என்றான், ஒருவரையும் கேட்காத மாதிரி.

பொல்லை எட்டி எடுத்தான்.

கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தாங்கியில் கிடந்த பழைய பெற்றோலைக் குழாய் விட்டு இறக்கினாள். கீழே ஒரு நட்டு இருக்கு, இடப்பக்கம் திருப்பும், அடியில கிடக்கிறதும் வரட்டும் என்றான். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். நகத்துக்குள் எல்லாம் கறுப்பு. அவ்வளவு நேரமும் அவன் குரலில் பக்டரிக்குப் போகிற காலத்து அதிகாரம் இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இல்லை. புதுப் பெற்றோலை ஊற்றி மூடியை இறுக்கினாள்.

"நூலை அறும்" என்றான்.

கத்தரிக்கோலால் அந்த முடிச்சை அறுத்தாள். மிசினைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புல்லோரமாக நிறுத்தினாள். அவன் பின்னால் இழுத்து இழுத்து வந்தான். காரின் பின்கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே இருந்த பெட்டியில் பட்டரி மிசினின் படம் பெரிதாகத் தெரிந்தது. அவன் அதைக் கண்டான்.

"வாங்கிப்போட்டீர்."

"ஓம். வாங்கினனான்."

அவன் பொல்லை மதிலில் சாத்திவிட்டு, நல்ல காலை முன்னுக்கு வைத்து, இடது கையால் கயிற்றுப் பிடியைப் பிடித்தான். அவள் கைப்பிடியின் கம்பியை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தாள். மாதாவே என்று மனதுக்குள் சொன்னாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

முதலாவது இழுவைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு மிசின் ஒரு செருமல் செருமியது. மூன்றாவதுக்குப் புகை வந்தது. அவன் தள்ளாடிப்போய் அவளுடைய தோளில் சாய்ந்து நிமிர்ந்தான். விடுங்கோ, நான் இழுத்துப் பாக்கிறன் என்று வாய் வரை வந்த சொல்லை அவள் விழுங்கிக்கொண்டாள். நாலாவது இழுவை அவனுடைய இடுப்பிலிருந்து வந்தது. மிசின் பிடித்துக்கொண்டது.

சத்தம் மதிலெல்லாம் அடித்துத் திரும்பியது. பக்கத்து வீட்டில் ஒரு யன்னல் சாத்தப்பட்டது. கொறற்றிக்குக் கண் நிறைந்து கன்னத்தால் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க ஏலாது, எடுத்தால் நின்றுவிடும். அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அலகுக் காற்றில் முன்னால் நின்ற புல்லு படுத்துப் படுத்து எழும்பியது. ஒரு புல்லும் இன்னும் வெட்டுப்படவில்லை. சனிக்கிழமைக்குள் இதை யார் வெட்டுவது, எதனால் வெட்டுவது என்று அந்த நேரம் இருவரும் கதைக்கவில்லை.

"கையை எடுத்திடாதையும்!" என்று சத்தத்துக்கு மேலால் யோசப் கத்தினான்.

பிறகு அவன் இடது கையால் தன் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினான். பாரமான சாமான் ஒன்றைத் தட்டில் வைக்கிற மாதிரி, அதைக் கொண்டுவந்து கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கைகளுக்கு மேல் வைத்தான். அந்தக் கை குளிர்ந்திருந்தது. மிசினின் அதிர்வில் அதன் விரல்களும் அவள் விரல்களின் மேல் நடுங்கின. அது மிசினின் நடுக்கம் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, பிடியை விடாமல் நின்றாள்.